துரை பிடித்த மீன்

கனகம்மாசத்திரத்தில் கடல் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று, "அலை எந்தப் பக்கம்?" என்று கேட்கக் கூடாது. திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவில், திருப்பதி போகிற சாலையில் இருக்கிற ஊர். பக்கத்திலேயே மலைமேல் முருகன் இருக்கிறார், கூப்பிடு தூரத்தில் ஆந்திரா இருக்கிறது, பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. உப்புத் தண்ணீர்தான் இல்லை.

ஆனால் இந்தப் பக்கம் பெய்கிற மழைக்குக் கடல் ஆசை உண்டு. திருத்தணி நந்தியாறு கொசஸ்தலையில் கலந்து, பூண்டி ஏரியில் கொஞ்ச நாள் உட்கார்ந்து, சென்னைக்காரர்கள் குடித்து, குளித்து, கார் கழுவியது போக மிச்சம் இருந்தால் எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைத் தொடும். இப்போது நம் பையன்களும் அதே திசையில் கிளம்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, நாலு பேர், ஒரு கார், ஆன்லைனில் வாங்கிய ராடு, ரீல், பிளாஸ்டிக் மீன். கூடவே ஒரு கைடு, ஒரு ஃபைபர் படகு. கரையை விட்டு ரொம்ப தூரம் போகாமல், முகத்துவாரத்தில் சுற்றிச் சுற்றித் தூண்டில் போடுகிற பேக்கேஜ். அந்த ராடு விலைக்குக் காசிமேட்டில் எத்தனை கிலோ வஞ்சிரம் வரும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

"என்னடா புதுப் பைத்தியம் இது?" என்கிறார்கள் பெரியவர்கள். புதுசா? நானூறு வருஷமாக இந்தக் கரையில் ஓடுகிற பிசினஸ் சார் இது! தொப்பி போட்ட ஒருவர் படகு நடுவில் உட்காருவார். கோவணம் கட்டிய நாலைந்து பேர் துடுப்புப் போடுவார்கள். மீனோ, ஊரோ, ஏதோ ஒன்று அகப்படும். புத்தகத்தில் தொப்பியின் பெயர் மட்டும் ஏறும்.

நம் கதையில் முதல் தொப்பி டச்சுக்காரருடையது. இதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற பழவேற்காட்டில் 1613-இல் ஜெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டிக்கொண்டு குடியேறினார்கள். இந்தியாவின் உப்பேரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி வாசலிலேயே. இறால், நண்டு, மடவை, கொடுவா என்று கொட்டிக் கிடக்கிறது. மனுஷன் என்ன செய்ய வேண்டும்? சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்க வேண்டும். இவர்களோ துணி மூட்டையை எண்ணுவதும் வெடிமருந்து அரைப்பதுமாகவே இரண்டு நூற்றாண்டை ஓட்டிவிட்டு, 1825-இல் ஊரை இங்கிலீஷ்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கோட்டையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. கல்லறைத் தோட்டம் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும். ஏரிக்கரையில் உட்கார்ந்தும் மீன் சாப்பிடாதவர்கள் கடைசியில் எப்படி ஆவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான போர்டு வைக்க முடியாது.

அதே ஏரியின் வடக்குக் கோடியில், ஆர்மகான் என்ற இடத்தில் இங்கிலீஷ் கம்பெனி ஒரு சின்னக் கடை விரித்திருந்தது. இன்று அது ஆந்திராவில் துர்கராஜபட்டினம். பிசினஸ் படுத்துவிட்டது. பொறுப்பிலிருந்தவர் ஃபிரான்சிஸ் டே. "வேறு நல்ல இடமாகப் பாருங்கள்" என்றார்கள். அவரும் கரையோரமாகத் தெற்கே வந்தார், பார்த்தார், 1639 ஆகஸ்டில் அந்தப் பகுதியை ஆண்ட நாயக்கரிடம் எழுதி வாங்கினார். அப்படி அவர் தேர்ந்தெடுத்த இடத்தின் லட்சணம் என்ன தெரியுமா? துறைமுகம் கிடையாது. கப்பல் ஒதுங்க வளைகுடா கிடையாது. அலை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மண்டையில் அடிக்கும். கப்பல்காரன் கனவிலும் தேர்ந்தெடுக்காத கரை.

பின்னே ஏன்? பக்கத்து சாந்தோமில் அவருக்கு ஒரு போர்ச்சுக்கீசியக் காதலி இருந்தாள், அடிக்கடி போய்ப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் இந்த இடம் என ஒரு வம்பு அப்போதிலிருந்தே உலவுகிறது. டே சொன்ன காரணம் இங்கே துணி மலிவு என்பது. எந்தக் காரணத்தை நம்புவது என்பது உங்கள் வயசைப் பொறுத்தது. எப்படியோ மெட்ராஸ் பிறந்தது. கரையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கரை சும்மா இருக்குமா? வட்டி போட்டு வசூலித்தது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து மணலுக்கு வர மசூலாப் படகுதான் கதி. ஒரு ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிறால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு உடையாமல் வளைந்து கொடுக்கும். லண்டனிலிருந்து மாதக்கணக்கில் மிதந்து, ஊரையே ஆளப் போகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்தி வந்த துரை, இந்தத் தையல் படகைப் பார்த்ததும் முதலில் தேடியது பைபிளைத்தான். மேம்சாகிப்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கயிறு கட்டி, கிணற்றில் குடம் இறக்குவது போல இறக்குவார்கள். பட்டு கவுன், இறகு வைத்த தொப்பி, பிரம்புப் பெட்டி எல்லாமாக நாலைந்து பேர் ஒரு டிரிப்.

இங்கேதான் நம் கைடுகள் முதன்முதலாக மேடை ஏறுகிறார்கள். ஒவ்வோர் அலையையும் எண்ணி, எது தூக்கும் எது கவிழ்க்கும் என்று பார்த்து, பாட்டுப் பாடிக்கொண்டே துடுப்புப் போடுவார்கள். கூடவே கட்டுமரத்தில் இரண்டு பேர் வருவார்கள். யாராவது தவறி விழுந்தால் தூக்கிப் போட. கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோகிறவர்களும் இவர்கள்தான். தண்ணீர் புகாத கூம்புக் குல்லாய்க்குள் தபாலை வைத்துத் தலையில் மாட்டிக்கொண்டு அலைக்குள் பாய்வார்கள். ஆள் முழுசாக நனைவார், காகிதம் நனையாது. இன்றைக்கு மூன்றடுக்கு பிளாஸ்டிக் கவரில் வருகிற கூரியரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கட்டணம்? அதில்தான் இருக்கிறது ஜீனியஸ். அலைக்கு நடுவே, படகு ஆடுகிற ஆட்டத்தில் துரையின் காலைச் சாப்பாடு தொண்டைக்கு வந்து நிற்கிற நேரத்தில், துடுப்பு மெதுவாக நிற்கும். எல்லோரும் ஒரே குரலில் "இனாம்!" என்பார்கள். ஐயையோ, கொள்ளை என்று ஊருக்குக் கடிதம் எழுதித் தள்ளிய பயணிகள் நிறைய. நான் படகுக்காரர்கள் பக்கம். பேரம் பேச எந்த இடம் நல்ல இடம் என்பதை, நாடு பிடிக்க வந்தவர்களுக்கே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

இந்த அவமானத்தை ஒழிக்கத் துறைமுகம் கட்டினார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசரே வந்து அடிக்கல் வைத்தார். பேண்டு வாத்தியம், கொடி, கைதட்டல். ஆறு வருஷம் கழித்து 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அதைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள் என்பது வேறு விஷயம். மசூலாவைத் தைத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்தக் கடலோடு முறைத்துக்கொண்டு நின்றால் ஆகாது, வளைந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். இனாம் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, உயிர் பிழைத்துக் கரையேறிய துரைக்கு அடுத்து என்ன வேண்டும்? வீக்கெண்டு! அதற்குக் கிடைத்த இடம் எண்ணூர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவில் பங்களா. படகு விடலாம், மீன் பிடிக்கலாம், ஆபீஸ் வம்பு பேசலாம். இன்றைக்கு அனல் மின் நிலையச் சாம்பலைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் போகிறவர்கள் இதை நம்பமாட்டீர்கள். ஒரு காலத்தில் எண்ணூர்தான் மெட்ராஸ் பெரிய மனுஷர்களின் ஈசிஆர்.

அங்கே போகத் தண்ணீர் வழி போட்டவர் பேசில் காக்ரேன். கடற்படைக்குச் சாப்பாடு சப்ளை செய்து கொழுத்த காண்டிராக்டர். 1800-களின் தொடக்கத்தில் சொந்த முதலீட்டில் எண்ணூருக்குக் கால்வாய் வெட்டினார். துரைமார் காற்று வாங்க அல்ல, சுங்கம் வசூலிக்க. ஒவ்வொரு படகுக்கும் காசு. நம்ம டோல்கேட்டின் கொள்ளுத்தாத்தா! மனுஷன் சம்பாதித்ததை என்ன செய்தார்? லண்டனுக்குத் திரும்பி, ஆவிக் குளியல் எல்லா நோயையும் தீர்க்கும் என்று முடிவு கட்டி, அதற்கென்றே வீட்டில் ஏற்பாடு செய்து, புத்தகமும் போட்டார். உடம்பைப் பிடித்துவிட அங்கே வேலைக்குச் சேர்ந்தவர், பின்னாளில் பிரைட்டனில் ராஜாக்களுக்கே மசாஜ் செய்து புகழ் பெற்ற நம்ம பாட்னா ஆள் ஷேக் தீன் முகமது. மெட்ராஸ் வெயிலில் வருஷக்கணக்காக இலவசமாக ஆவி பிடித்த ஒருவர், லண்டனில் போய்க் காசு செலவழித்து வியர்த்த கதை வேறெங்கும் கிடைக்காது. காக்ரேன் வெட்டிய கால்வாயை அப்புறம் நீட்டினார்கள். 1876 தொடங்கி வந்த பெரும் பஞ்சத்தில், சோற்றுக்கு வழியில்லாத ஜனங்கள் கூலிக்கு மண் சுமந்து அதை அடையாறு வரை இழுத்தார்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு. அவர் ஒரு கூடை மண் சுமந்ததாகத் தகவல் இல்லை.

தூண்டில் விஷயத்தில் உண்மையான வெறியர் என்றால் ஹென்றி சல்லிவன் தாமஸ். மெட்ராஸ் சிவில் சர்வீஸ். தென் கன்னடத்தில் கலெக்டர். ஜமாபந்தி, கோர்ட்டு, மனு எல்லாவற்றுக்கும் நடுவே மீன் பிடித்து, 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவது எப்படி என்று ஒரு தடித்த புத்தகமே எழுதினார். அதில் ஆறும் உண்டு, கழிமுகமும் உண்டு. அடுத்தடுத்து பதிப்புகள் கண்டது. ஏரி, குளத்தில் பிடிப்பது பற்றித் தனியாக இன்னொரு புத்தகம். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் மனுவோடு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. "ஐயா கேம்ப் போயிருக்கார்" என்று டவாலி சொன்னதற்கு அர்த்தம் இப்போது புரிகிறதல்லவா?

இனி வருகிறவர்தான் என் செல்லம். இவர் பெயரும் ஃபிரான்சிஸ் டே! நகரத்தைக் கண்டுபிடித்த டே அல்ல, இது மீன் டே. இரண்டு பேருக்கும் நடுவில் இருநூறு வருஷம். 1852-இல் மெட்ராஸ் ராணுவத்துக்கு டாக்டராக வந்தார். சிப்பாய்களின் நாடியைப் பிடித்ததைவிட மீனின் செதிலை எண்ணியது அதிகம். மீன்வளத்துக்கு இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்று ஒரு பதவி உண்டாக்கி அதில் இவரை உட்காரவைத்தார்கள். உடனே நாடு பூரா கலெக்டர், தாசில்தார் எல்லோருக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பினார். உங்கள் ஊரில் என்ன மீன் உண்டு, என்ன வலை, கண்ணி எவ்வளவு சின்னது, மீன் குறைந்திருக்கிறதா? நிலவரி வசூலில் கழுத்துவரை மூழ்கியிருந்த ஒரு தாசில்தார் இந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்த முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எனக்குச் சிரிப்பு அடங்க ரெண்டு நிமிஷம் ஆனது.

நீலகிரிக் குளிரில் இங்கிலாந்து டிரவுட் மீனை வளர்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வேறு. 1860-களில் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவரப் பார்த்தார். ஐஸ் பெட்டி, பாசி, பக்குவம் எல்லாம் செய்தும், பாதி உலகைத் தாண்டி வருவதற்குள் முட்டைகள் மனசு மாறிவிட்டன. டிரவுட் ஊட்டியில் நிலைக்க அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்தப் பிடிவாதத்தில்தான் 1875-க்கும் 1878-க்கும் நடுவில் இந்திய மீன்களைப் பற்றிய அவருடைய மகா நூல் வந்தது. 1,400-க்கு மேற்பட்ட மீன்கள், படத்தோடு. இன்றைக்கும் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. கொடுவாவைத் தேடினால் லத்தீன் பெயருக்குக் கீழே தமிழில் என்ன சொல்வார்கள், தெலுங்கில் என்ன, ஒரியாவில் என்ன என்றெல்லாம் இருக்கும். யார் சொன்னது இதெல்லாம்? விடியற்காலையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள்தான். "இது இன்னா மீன்?" என்று வெள்ளைக்காரர் விரலை நீட்ட, "இதுகூடத் தெரியாதா!" என்று உள்ளுக்குள் சிரித்தபடி பெயரைச் சொன்னவர்கள். 1,400 மீனுக்குப் பெயர் இருக்கிறது அந்தப் புத்தகத்தில். பெயரைச் சொன்னவர்களுக்கு இல்லை.

கிளைமாக்ஸ் இனிமேல்தான். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்து மீன்களுக்கெல்லாம் அதிபதி ஆல்பர்ட் குந்தர். அவருக்கும் டேக்கும் ஏழாம் பொருத்தம். நீ சொன்ன மீன் தப்பு, நீ எண்ணிய செதில் தப்பு என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் கௌரவமாகக் குழாயடிச் சண்டை. 1883-இல் லண்டனில் உலக மீன்வளக் கண்காட்சி நடந்தது. டே தன் சேகரிப்பை அங்கே காட்சிக்கு வைத்தார். குந்தரின் மியூசியத்துக்கு அதில் பெரும்பகுதியைக் கொடுப்பதாவது! சிட்னியிலிருந்து வந்த ஆஸ்திரேலிய மியூசியத்துக்காரருக்கு விற்றுவிட்டார். நம்ம கடற்கரையில் நம்ம ஆள் வலையில் மாட்டி, நம்ம மீன் என்று பெயர் வாங்கி, பாட்டிலில் அடைபட்டு லண்டன் போன மீன்கள், இரண்டு பெரிய மனுஷர்களின் ஈகோவால் ஆஸ்திரேலியாவில் போய்க் குடியேறின. விசா கேட்காமல் அத்தனை பேர் அங்கே போனது அதுதான் கடைசியாக இருக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். கைடைப் பார்த்து மரியாதையாகக் கேட்டுக்கொண்ட துரைகளும் உண்டு. 1907-இல் மெட்ராஸில் மீன்வளத் துறையைத் தொடங்கிய ஃபிரெடரிக் நிக்கல்சன் அப்படி ஒருவர். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னல் இன்னொருவர். ஹார்னல் இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் தனி நூலே எழுதினார். ரொம்ப நல்லவர்கள். அதனால் இந்தக் கட்டுரையில் அவர்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இன்றைய தொப்பிகளுக்கு வருவோம். துரைகள் போய்விட்டார்கள், போஸ் போகவில்லை. ஃபைபர் படகின் முனையில் ஒரு காலைத் தூக்கி வைத்து, பெரிய கொடுவா ஒன்றை நெஞ்சோடு தூக்கி, மீசை துடிக்க ஒரு படம். மீன் பெரிதாகத் தெரியக் கையைக் கேமராவை நோக்கி நீட்ட வேண்டும் என்ற சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். இந்த வீரர்களுக்குத் தெரியாதது ஒன்று. கொடுவா வாழ்க்கையை ஆணாகத் தொடங்கும். சில வருஷம் வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறும். சிங்கத்தை அடித்த பாவனையில் தம்பி தூக்கிப் பிடித்திருப்பது, முன்னாள் தாத்தாவான ஒரு பாட்டியை. முட்டை போடுவதும் அவள்தான் என்பதால், படம் எடுத்த கையோடு தண்ணீரில் விட்டுவிடுங்கள் என்று விவரமான கைடுகள் சொல்கிறார்கள். லைக் எண்ணிக்கை அதனால் குறைவதில்லை.

கைடு என்பவர் யார்? அதே அலைக்காரர்களின் பேரன்தான். நீரோட்டம் வடக்கே இருந்து வந்தால் வன்னி, தெற்கே இருந்து வந்தால் தெண்டி என்று தண்ணீருக்கே பெயர் வைத்திருப்பவர்கள். நீங்கள் ஆப்பைத் திறந்து காற்று எத்தனை கிலோமீட்டர் என்று படிப்பதற்குள், அவர் தண்ணீர் நிறத்தைப் பார்த்து "இன்னிக்குக் கலங்கல் சார், கடிக்காது" என்று சொல்லிவிடுவார். நீங்கள் நம்பமாட்டீர்கள். மூன்று மணி நேரம் முயற்சி செய்வீர்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்றவைப்பார். இந்த மௌனம் நானூறு வருஷ அனுபவம்.

இஷ்டத்துக்கு எங்கேயும் தூண்டில் போடவும் முடியாது. பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று மீனவ ஊர்களே முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. சர்க்கார் போட்ட சட்டமில்லை, ஆனால் மீறிப் பாருங்கள் தெரியும். தண்ணீரில் கோடு போட முடியாது என்பவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும். கோடு போடுவதில் தடுமாறியது அரசாங்கங்கள்தான். ம.பொ.சி. வடக்கெல்லைக்குப் போராடி, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நம் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. மலையையும் ஊரையும் பிரித்துவிட்டார்கள், சரி. ஏரியை எப்படிப் பிரிப்பது? பெரும்பகுதி ஆந்திராவில், வாய்ப்பக்கம் தமிழ்நாட்டில். வலையை எதுவரை போடலாம் என்று இன்றும் இரண்டு பக்கத்து மீனவர்களுக்குள் சண்டை வருகிறது. முட்டாள் கொடுவா மட்டும் ஏப்ரல் ஒன்று என்பதால் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு பக்கமும் போய்வருகிறது.

கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, இது மட்டும் சீரியஸாக. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை உள்ள இடத்தில் "நம்ம ஆள் இருக்கான், வாங்க" என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். அனுமதி உள்ள இடத்தில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, பக்கிளையும் போடுங்கள். படத்தில் தொப்பை தெரிகிறது என்று கழற்றாதீர்கள். படகுக்காரர் "இன்னிக்கு வேணாம்" என்றால் வேண்டாம். பேசிய காசையும் கரையிலேயே கொடுத்துவிடுங்கள், நடு அலையில் பர்ஸைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று துரைகள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரு மீனும் மாட்டவில்லையா? கவலையே வேண்டாம். வருகிற வழியில் மார்க்கெட்டில் ஒரு நல்ல கொடுவாவாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நாமே பிடித்தது என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஐஸை மட்டும் வழியிலேயே கொட்டிவிடுங்கள். கழிமுகத்தில் எந்த மீனும் ஐஸோடு மாட்டுவதில்லை என்பது உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.